அம்மா வீட்டிலேயே விட்டுவந்த ஓட்டு

இந்த வருடம் பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் காலை பதினொரு மணிக்கு ஆரம்பித்து, திருவெள்ளறை வரை போய்த் திரும்பி, மாலை அதே பள்ளிக்கூடத்தில் முடிந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு மூச்சு வாங்குகிறது. சிரிப்பும் வருகிறது.

நான் திருவானைக்காவலில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். வாக்காளர் பட்டியல் திருத்தம் நடந்த அந்த இரண்டு மாதமும் கடையில் நிற்க இடமில்லை. வீடு வீடாக வந்து கொடுத்த கணக்கெடுப்புப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் என்னிடம்தான் வந்தார்கள். போட்டோவை எங்கே ஒட்ட வேண்டும், கையெழுத்தை எங்கே போட வேண்டும், புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் ஆறு, பட்டியலில் பெயர் இருந்து வீடு மட்டும் மாறியிருந்தால் படிவம் எட்டு என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருப்பேன். "கார்டு கையில இருந்தா போதாதுங்க, லிஸ்ட்ல பேர் இருக்கணும்" என்று ஒரு நாளைக்கு நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். சிலர் என்னை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

இவ்வளவு பேசிய என்னுடைய ஓட்டு ஸ்ரீரங்கத்தில் இல்லை. கல்யாணமாகி வந்து பதினாறு வருடமாகியும் அது அரியமங்கலத்தில், அம்மா வீட்டு விலாசத்திலேயே இருந்தது. மறந்து போய் விட்டதில்லை, வேண்டுமென்றேதான் விட்டு வைத்திருந்தேன்.

கல்யாணமான பெண்கள் பலருக்கு இந்த ரகசியம் தெரிந்திருக்கும். அம்மா வீடு பக்கத்திலேயே இருந்தாலும் சும்மா கிளம்பிப் போய்விட முடியாது. யாருக்காவது உடம்பு சரியில்லை, விசேஷம் என்று ஒரு காரணம் வேண்டும். ஆனால் தேர்தல் என்றால் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். முதல் நாள் சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு, "ஓட்டுப் போட்டுட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிடலாம். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று எது வந்தாலும் எனக்கு இரண்டு நாள் லீவு. அம்மா கையால் சாப்பாடு, மத்தியானம் ஒரு தூக்கம். வேட்பாளர்களைவிடத் தேர்தல் தேதிக்காக அதிகமாகக் காத்திருந்தவள் நானாகத்தான் இருப்பேன்.

வேடிக்கை என்னவென்றால், ரேஷன் கார்டில் மட்டும் கல்யாணமான உடனேயே பெயரை மாற்றிக்கொண்டேன். சர்க்கரையும் பொங்கல் பரிசும் விட்டுப்போய்விடக் கூடாதே. ஓட்டுக்கு அந்த அவசரம் தோன்றவில்லை. ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் அம்மா வீட்டு விலாசத்திலேயே கிடந்தன.

கார்த்திகை மாத மழையில் எங்கள் வாக்குச்சாவடிக்குப் பொறுப்பான அலுவலர் வீட்டுக்கு வந்தார். அவர் பக்கத்துத் தெரு அங்கன்வாடி டீச்சர். குடையை மடக்கிக்கொண்டு, என் வீட்டுக்காரருக்கு மட்டும் படிவத்தைக் கொடுத்துவிட்டு, "அக்கா, உங்க பேரும் பெரியம்மா பேரும் இங்க இல்லையே, இப்பவே சேர்த்துக்கிறீங்களா?" என்று கேட்டார். கடைக்குப் போகிற அவசரத்தில் நான் வெடுக்கென்று, "எங்க ஓட்டு இருக்கிற எடத்துல பத்திரமா இருக்கு டீச்சர். எனக்கே ஃபார்ம் சொல்லித் தரீங்களா?" என்று சொல்லிவிட்டேன். அவர் குடையை விரித்துக்கொண்டு மழையில் அடுத்த வீட்டுக்குப் போனார். அம்மா வீட்டில் இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்து என் படிவத்தையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடச் சொன்னேன். அதோடு அந்தப் பேச்சை மறந்தும் போனேன்.

பெரியம்மா என்று டீச்சர் சொன்னது என் மாமியாரை, நான் அத்தை என்று கூப்பிடுகிறவரை. அவருடைய ஓட்டு பிறந்த ஊரான திருவெள்ளறையில் இருந்தது. அங்கே அவருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, அதனால் வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

பொங்கல் சீர் எங்கள் வீட்டுக்கு எப்போதும் போகிக்கு முன்னாலேயே வந்துவிடும். இந்த வருடம் அண்ணன் காணும் பொங்கல் அன்றுதான் கரும்பும் மஞ்சள் கொத்துமாக வந்து நின்றார். முகமே சரியில்லை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு மென்று முழுங்கினார். கடைசியில் பூனைக்குட்டி வெளியே வந்தது. "வரைவுப் பட்டியல்ல உன் பேரு இல்லம்மா. கணக்கெடுக்க வந்தவங்க, தங்கச்சி இங்கதான் இருக்காங்களான்னு கேட்டாங்க. கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துல இருக்குன்னு சொல்லிட்டேன். பொய் சொல்லிக் கையெழுத்துப் போட வரல."

உண்மையைச் சொன்னதற்காக அண்ணனோடு சண்டை போட்ட தங்கை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் அவர் செய்ததுதான் சரி. எங்கே குடியிருக்கிறோமோ அங்கேதான் பெயர் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அதை நூறு பேருக்குச் சொன்னதும் நான்தான். அரியமங்கலத்தில் பெயர் போய்விட்டது, ஸ்ரீரங்கத்தில் பெயர் ஏறவே இல்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்று இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. மறுநாள் ஞாயிறுதான் பெயர் சேர்க்கக் கடைசி முகாம், மாலை ஐந்து மணி வரை. அதை விட்டால் பிறகும் விண்ணப்பிக்கலாம்தான், ஆனால் தேர்தல் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. நம் பெயர் வருமா வராதா என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். பாவம், அண்ணன் தான் சொன்ன உண்மைக்குப் பரிகாரமாகப் பழைய பட்டியலில் அப்பா பெயர் இருந்த பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே ஆன்லைனில் முயன்று பார்த்தேன். ஆதாரில் இருந்த போன் நம்பர் எப்போதோ தொலைந்துபோன சிம்முடையது. ஓடிபி யாருக்குப் போனதோ தெரியாது.

ஞாயிறு காலை படிவம் ஆறைப் பூர்த்தி செய்து, போட்டோ ஒட்டி, பதினொரு மணிக்குப் பள்ளிக்கூட முகாமில் போய் நின்றேன். உள்ளே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் அதே அங்கன்வாடி டீச்சர். எனக்கு அசடு வழிந்தது. அவர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. படிவத்தைப் பார்த்தார், ஆதாரைப் பார்த்தார். "அக்கா, இது அரியமங்கலம் விலாசம். இந்த வீட்டுல இருக்கீங்கன்னு காட்ட ஒரு பேப்பர் வேணுமே" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினாறு வருடமாகச் சமைத்து, கூட்டி, பிள்ளை வளர்த்த வீட்டில் நான் இருக்கிறேன் என்று சொல்ல என் கையில் ஒரு காகிதம் இல்லை. கரண்ட் பில் இறந்துபோன மாமனார் பெயரில், கேஸ் புத்தகம் வீட்டுக்காரர் பெயரில். என் முகம் போன போக்கைப் பார்த்து டீச்சரே வழி சொன்னார். கணவர் அதே விலாசத்தில் வாக்காளராக இருந்தால் அவர் பெயரில் இருக்கும் கேஸ் புத்தகம் போதும், அதோடு ரேஷன் கார்டு இருந்தால் அவர் மனைவி என்பதற்கு அது ஆகும், நகல் எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்குள் வந்துவிடுங்கள் என்றார்.

சர்க்கரைக்காக மாற்றிய கார்டு காப்பாற்றியது என்று துள்ளிக் குதித்து வீட்டுக்கு ஓடினேன். பீரோ பூட்டியிருந்தது. சாவி அத்தையின் பர்ஸில். பர்ஸ் அத்தையோடு. அத்தை காலையிலேயே தம்பி வீட்டுக்கென்று திருவெள்ளறைக்குப் பஸ் ஏறிவிட்டார். போன் செய்தால் எடுக்கவில்லை. வெளியே போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். ஊரெல்லாம் கொண்டுவந்த ரேஷன் கார்டுக்கு நகல் எடுத்துக் கொடுத்தவள், சொந்த வீட்டுக் கார்டுக்கு ஒரு நகல் எடுத்து வைத்திருக்கவில்லை.

கொஞ்ச நேரம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரிந்த சாவிக்கடைகளுக்கெல்லாம் போன் செய்தேன். பொங்கல் வாரம், ஒருவர்கூட ஊரில் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த என் வீட்டுக்காரர், "அடுத்த எலெக்‌ஷனுக்குப் பாத்துக்கலாம் விடு" என்றார். நான் பார்த்த பார்வையில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து பைக்கை எடுத்தார். ஒன்றரை மணிக்குக் கிளம்பினோம். கொள்ளிடம் பாலம் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட் கூட்டத்தில் நுழைந்து, மண்ணச்சநல்லூர் கடைவீதியில் ஊர்ந்து, திருவெள்ளறைக்குப் போய்ச் சேரும்போது மணி இரண்டரை. என் உடம்பெல்லாம் பரபரவென்றிருந்தது. பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இந்த வயதில் எதற்காகவாவது இப்படி ஓடுகிறேனே என்று உள்ளுக்குள் ஒரு உற்சாகமும் இருந்தது.

வீட்டில் அத்தை இல்லை. அவருடைய தம்பி மனைவி, "அண்ணி பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்காங்க, ஏதோ லிஸ்ட் பாக்கணுமாம்" என்றார். எங்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பைக்கைத் திருப்பிக்கொண்டு போனோம்.

அங்கேயும் முகாம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அத்தையின் குரல் கேட்டது. எங்கள் வீட்டில் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாத மனுஷி அவர். மேஜைக்கு எதிரே முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, இளவயது வாத்தியார் ஒருவரிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

"தம்பி, பேர எடுத்துட்டேன்னு சாதாரணமா சொல்றீங்க. நாப்பத்தாறு வருஷமா நான் இந்த ஊருக்குத்தான் வந்து ஓட்டுப் போடறேன்."

"அம்மா, நீங்க இருக்கிறது ஸ்ரீரங்கத்துல. அங்கதான் உங்க பேரு இருக்கணும். படிவம் ஆறு குடுங்க, சேர்த்துடுவாங்க."

"அங்க சேர்த்துடுவாங்க, சரி. நான் பொறந்த வீட்டுக்கு வர்றதுக்கு என்ன சொல்லிட்டு வர்றது? ஓட்டுன்னு சொன்னாத்தான் எங்க வீட்டுக்காரரு அந்தக் காலத்துல மறுபேச்சு பேசாம அனுப்புவாரு. அவரும் போயிட்டாரு, பழக்கம் போகல."

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். எனக்கு மட்டும்தான் தெரியும் என்று பதினாறு வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்த தந்திரத்தை, எனக்கு முப்பது வருடம் முன்னாலேயே ஒருவர் கண்டுபிடித்து அதே வீட்டில் என் எதிரிலேயே நடமாடிக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு தேர்தலுக்கும் நான் கிழக்கே ஒரு பையோடும் அவர் வடக்கே ஒரு பையோடும் போயிருக்கிறோம். ஒருவரை ஒருவர் என்னவென்று கேட்டதில்லை.

வாத்தியார் எங்களைப் பார்த்ததும் அத்தை திரும்பினார். என்னைக் கண்டதும் முகம் சின்னப் பிள்ளையைப் போல ஆகிவிட்டது. எனக்குச் சிரிப்பு பீறிட்டது. "அத்தை, என் பேரும் அங்க இல்ல. நானும் இதே காரியம்தான் பண்ணேன்" என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். வாத்தியாரும் சிரித்தார். என் வீட்டுக்காரர் மட்டும் அம்மாவையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதருக்கு இரண்டு பக்கத்திலும் விஷயம் தெரியாது.

அந்த வாத்தியார் நல்ல பிள்ளை. பழைய பட்டியலில் அத்தையின் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் தேடி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். படிவத்தோடு சேர்த்துக் கேட்பார்கள், தேடிக்கொண்டு நேரத்தை விடாதீர்கள் என்றார். மணி மூன்றேகால். சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்து, பீரோவைத் திறந்து கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு, அத்தையின் ஆதார், போட்டோ எல்லாவற்றையும் எடுத்து, கடையைத் திறந்து நகல் எடுத்து, முகாமுக்குப் போய்விடச் சொன்னோம். அவர் பைக்கில் பறந்தார். நானும் அத்தையும் பஸ் பிடித்தோம்.

பொங்கல் லீவு முடிந்து திரும்புகிற கூட்டம் முழுக்க அந்த பஸ்ஸில்தான் இருந்தது. மண்ணச்சநல்லூர் தாண்டவே நாலு மணியாகிவிட்டது. டோல்கேட்டில் வண்டி நின்றதுதான், அசையவே இல்லை. நாலு இருபது, நாலரை. எனக்கு அழுகை முட்டியது. அத்தை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "எறங்கும்மா, நடப்போம்" என்றார்.

அறுபத்தெட்டு வயது அவருக்கு. முழங்கால் வலி என்று மாடிப்படி ஏறாதவர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொள்ளிடம் பாலத்தில் நின்றிருந்த லாரிக்கும் காருக்கும் பக்கத்தில் எனக்கு முன்னால் நடந்தார். வழியெல்லாம் பேச்சு வேறு. தேர்தல் நாளன்று அண்ணன் தம்பிகளோடு கிணற்றடியில் உட்கார்ந்து நுங்கு சாப்பிட்டது, ஒரு தடவை மறு வாக்குப்பதிவு வந்து இன்னொரு நாள் கிடைத்த சந்தோஷம் என்று கொட்டினார். பதினாறு வருடத்தில் அவர் என்னிடம் பேசியதைவிட அந்தப் பாலத்தில் பேசியது அதிகம். எனக்குக் கால் வலிக்கவே இல்லை. பாலம் முடிந்ததும் ஒரு ஆட்டோ கிடைத்தது.

பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது ஐந்தேகால். கேட் பாதி சாத்தியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால், மேஜை அப்படியே இருந்தது. டீச்சர் உட்கார்ந்திருந்தார். எதிரே பெஞ்சில், ஒரு கட்டுக் காகிதத்தோடு, வியர்த்து விறுவிறுத்து என் வீட்டுக்காரர். வாழ்நாளில் முதல் முறையாக ஜெராக்ஸ் மெஷினைத் தொட்டவர், ரேஷன் கார்டின் முன்பக்கத்தை மட்டும் இருபத்திரண்டு நகல் எடுத்திருந்தார். கேஸ் புத்தகம் தலைகீழாக வந்திருந்தது. நல்லவேளை, அசல்களையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"வாங்கக்கா. அண்ணன் நாலே முக்காலுக்கே வந்து வரிசையில நின்னுட்டாரு. அஞ்சு மணிக்கு முன்னாடி வரிசையில நின்னவங்கள நான் திருப்பி அனுப்ப மாட்டேன்" என்றார் டீச்சர். என்னால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அன்னிக்கு மழையில உங்கள அப்படிப் பேசி அனுப்பினேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். "தெருவுல பாதிப் பொம்பளைங்க அதேதான் சொன்னாங்க. நான் மட்டும் என்ன, போன வருஷம்தான் என் ஓட்டையே லால்குடியிலேர்ந்து இங்க மாத்தினேன்" என்று சொல்லிவிட்டு டீச்சர் சிரித்தார்.

படிவத்தின் கடைசியில் ஒரு வரி உண்டு. இந்த விலாசத்தில் எந்த மாதம், எந்த வருடத்திலிருந்து குடியிருக்கிறீர்கள் என்று கேட்கும். கடையில் எத்தனையோ பேருக்கு விறுவிறுவென்று நிரப்பிக் கொடுத்த வரி. காலையில் என் படிவத்தில் அதை எழுதாமலே விட்டிருக்கிறேன், எனக்கே தெரியாமல். டீச்சர் விரலை வைத்துக் காட்டினார். என் கல்யாண மாதத்தையும் வருடத்தையும் எழுதினேன். பக்கத்தில் அத்தை பேனாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவருடைய கல்யாண மாதத்தை எழுதினார். இரண்டு பேருக்கும் தை மாதம்தான் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. எழுதி முடித்துவிட்டு அவர் அந்த வரியைத் திரும்ப ஒரு முறை படித்துப் பார்த்தார். நான் வெட்கமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டீச்சர் ஒப்புகைச் சீட்டைக் கிழித்து ஆளுக்கொன்று கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்து அவரே வீட்டுக்கு வந்து விசாரித்து எழுதிக்கொண்டு போனார். இந்த முறை வாசலில் நிற்க வைக்கவில்லை. உட்கார வைத்து, அத்தை காபி போட்டுக் கொடுத்தார். இறுதிப் பட்டியல் வந்த அன்று கடையில் முதல் வேலையாக எங்கள் பாகத்தைத் திறந்து பார்த்தேன். ஒரே கதவு எண்ணுக்குக் கீழே மூன்று பெயர்கள். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். பிறகு ஆதார், பாஸ்புக் எல்லாவற்றிலும் விலாசத்தை மாற்றினேன். அடுத்த வருடம் பதினெட்டு நிறையப்போகிற பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பதினேழிலேயே விண்ணப்பிக்கலாம் என்று சொல்லி, அவளுக்கும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். புதிதாகக் கல்யாணமான பெண் யார் கடைக்கு வந்தாலும் இப்போது நான் கேட்கிற முதல் கேள்வி, "ஓட்டு எங்கம்மா இருக்கு?" என்பதுதான். பாதிப் பேர் சிரிக்கிறார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

தேர்தல் அன்று காலை ஏழு மணிக்கே நானும் அத்தையும் அதே பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றோம். ஒரே சாவடியில் நாங்கள் சேர்ந்து நின்றது அதுதான் முதல் முறை. மை வைத்த விரலோடு வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைக்கப் போனேன். கூடத்தில் இரண்டு பைகள் இருந்தன. ஒன்று அவருடையது. இன்னொன்று என்னுடையது, என் புடவைகளை அவரே மடித்து வைத்திருந்தார்.

"நான் எங்க ஊருக்குக் கிளம்பறேன். நீயும் உங்கம்மாவப் பாத்துட்டு ரெண்டு நாள் இருந்துட்டு வா. அவன் சமைச்சுச் சாப்பிடட்டும்" என்றார். என்ன காரணம் சொல்லிவிட்டுப் போவது என்று நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். "ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவர் ஒரு பஸ்ஸும் நான் ஒரு பஸ்ஸும் ஏறினோம். ஓட்டை அம்மா வீட்டில் வைத்திருந்த பதினாறு வருடமும் விருந்தாளியாகவே இருந்த வீடு, அதை எடுத்து வந்த பிறகுதான் என் வீடானது. அம்மா வீட்டுக்குப் போக எனக்கு ஒரு காரணமும் வேண்டியதில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.